ஷவர் ட்ரேயில் உட்கார ஒரு ஆள்

எங்கள் குளியலறை ஒழுகுவதற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் ஒருமனதாக முடிவானது. ஒருமனது என்றால் என் கணவரின் மனதும் மாமியாரின் மனதும். என் மனதை யாரும் கேட்கவில்லை.

குளியலறை மூலையில் ஷவருக்குக் கீழே ஒரு வெள்ளை ட்ரே உண்டு. ஒரு ஆள் நின்று குளிக்கிற அகலம், நாலு பக்கமும் கொஞ்சம் உயர்ந்த விளிம்பு. அந்த விளிம்பும் சுவர் டைல்ஸும் சேருகிற இடத்தில் சிலிக்கான் பசை பூசி அடைத்திருப்பார்கள். அது விட்டுப்போனால் தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். எங்கள் கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், அதட்டுவதிலிருந்து இன்னும் பெறவில்லை. எங்கள் தண்ணீர் குறி பார்த்த மாதிரி அவருடைய டியூஷன் மேஜை மேல் சொட்டியது.

"பசங்க நோட்டெல்லாம் நனையுது. மேல யாராவது நீச்சல் பழகறீங்களா?" என்று போனில் கேட்டார்.

போன் வந்த நேரத்தில் நான் குளித்துக்கொண்டிருந்தேன். அத்தோடு விசாரணை முடிந்தது.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் குளிப்பவர் என் கணவர். அப்புறம் பிள்ளைகள், அப்புறம் மாமியார். அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசியில் போவது நான். உள்ளே போனால் வெளியே வர நேரமாகும், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை அது ஒன்றுதான். படுக்கையறைத் தாழ்ப்பாளைப் பிள்ளைகள் தொங்கித் தொங்கிப் பிடுங்கிவிட்டார்கள், அதை மாட்டித் தரச் சொல்லி நான் சலித்துவிட்டேன். ஷவரைத் திறந்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. விழுந்தாலும் விழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சில நாள் பாடுவேன், சில நாள் அழுவேன். சில நாள் சும்மா நிற்பேன். சும்மா நிற்பதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"அவ குளிக்கிற குளியலுக்கு டேங்கே காலியாவுது. தரை எப்படிடா தாங்கும்?" என்றார் மாமியார்.

"கொஞ்ச நாளைக்கு நீ பின்னாடி குளிச்சுக்கோ" என்றார் கணவர்.

பின்னாடி என்றால் சமையலறையை ஒட்டித் துணி துவைக்கிற இடம். ஒரு குழாய், ஒரு வாளி. கதவு கிடையாது, திரைச்சீலைதான். திரைக்கு இந்தப் பக்கம் நின்று பேசினால் அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும் என்பதை முதல் நாளே எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அம்மா, என் சாக்ஸ் எங்க?"

"உப்பு டப்பாவை எங்கம்மா வெச்சே?"

"இங்க பாரு, ரிமோட்டைப் பாத்தியா?"

கண்ணில் சோப்பு எரிய நான் ரிமோட்டுக்கு வழி சொல்லிக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தத் திரைச்சீலையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. குளியலறை சரியானால் போதும், என் தாழ்ப்பாள் எனக்குத் திரும்பி வந்துவிடும் என்று நாளை ஓட்டினேன்.

பிளம்பரைக் கூப்பிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு ட்யூப் பசை தடவறதுக்கு ஆளா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் கணவர்.

அவர் எதற்கு இருக்கிறார் என்று அன்றிலிருந்து பார்த்தேன். செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். வெளிநாட்டுக்காரன் ஒருவன் கையுறை போட்டிருந்தான் என்று இவரும் கையுறை வாங்கினார். பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூச வேண்டும் என்று அதே வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடம் வந்தபோது விரலால் தள்ளிவிட்டாராம். பழையதன் மேலேயே புதியதை அப்பினார். ஒழுகியது. அதன் மேல் இன்னொரு பூச்சு. அதுவும் ஒழுகியது. கடைசியில் ட்ரேயின் ஓரம் வீங்கிப்போன ஈறு மாதிரி ஆகிவிட்டது.

ஒவ்வொரு தடவையும் சோதனை வேறு உண்டு. ட்ரேக்கு வெளியே குந்திக்கொண்டு மக் மக்காகத் தண்ணீர் ஊற்றுவார். கீழே ஒரு சொட்டும் இறங்காது. "பாத்தியா? எப்படி?" என்று எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொள்வார். மறுநாள் அதிலேயே ஏறி நின்று குளிப்பார். டீச்சர் போன் செய்வார்.

"அது ஊறின தண்ணி. நீ முன்னாடி குளிச்சதெல்லாம் இன்னும் வடியுது" என்று கணவர் என்னிடம் விளக்கினார்.

நான் வாளிக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. என் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

டீச்சர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் படியேறி வந்துவிட்டார். "ஒவ்வொருத்தரா உள்ள போய்க் குளிங்க. நான் கீழ நின்னு பாக்கறேன். ஒருத்தர் முடிச்சு நான் சொன்ன அப்புறம்தான் அடுத்தவங்க" என்று உத்தரவு போட்டுவிட்டு இறங்கினார்.

மாமியார் குளித்தார். சொட்டவில்லை. பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து குதித்தன. சொட்டவில்லை. அடுத்து நான் போனேன். தாழ்ப்பாள் போட்ட சத்தமே காதுக்கு இதமாக இருந்தது. ஒன்றும் சொட்டவில்லை, போதும் என்று டீச்சர் போனில் சொன்ன பிறகும் நான் வெளியே வரவில்லை.

கடைசியில் கணவர் போனார். இந்தத் தடவை போனே தேவைப்படவில்லை. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று டீச்சர் போட்ட கத்தல் படிக்கட்டு வழியாகவே வந்து சேர்ந்தது.

என் கணவர் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பார். 'கொஞ்சம்' என்பது மாமியாரின் கணக்கு. அவரை ட்ரேயில் ஏறி இறங்கச் சொல்லிவிட்டு நான் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ட்ரேக்கு அடியில் சிமெண்ட் கொடுத்து உட்கார வைக்காமல், வெறும் கால்களில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான் எவனோ. இவர் ஏறினால் ட்ரே அமுங்கி, சுவரோரம் நகம் நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. இறங்கினால் ஒன்றும் அறியாததுபோல் மூடிக்கொண்டது.

"என் பிள்ளையே இளைச்சுத் துரும்பா போயிருக்கான்" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, தாழ்ப்பாள்தான் வேண்டியிருந்தது.

இனி என்ன செய்வது என்பது யாருக்கும் தெரிகிற விஷயம்தான். வாய் திறந்திருக்கும்போதே பூச வேண்டும். காய்கிறவரை பாரம் உள்ளேயே இருக்க வேண்டும்.

"மணல் மூட்டை வெச்சுக்கலாமே" என்றார் கணவர்.

"அவ்வளவு மணலை மேல ஏத்தினா படிக்கட்டு தாங்காது. நீங்களே உக்காருங்க" என்றார், மறுபடி படியேறி வந்திருந்த டீச்சர்.

ஒரு விடுமுறை நாளாகப் பார்த்துக்கொண்டோம். பழைய பூச்சையெல்லாம் முந்தின நாளே நான் கத்தியால் சுரண்டி எடுத்துத் துடைத்துக் காயவிட்டிருந்தேன். காலையில் அவர் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு ட்ரேயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் சுற்றிலும் ஒரே கோடாகப் பசையை இழுத்து, சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து வழித்துவிட்டேன்.

"அசையாதீங்க" என்றேன். அசையவில்லை. கல்யாணமாகி அவர் நான் சொன்னதைக் கேட்ட ஒரே நாள் அது.

பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தன. அவருக்கு மானம் போயிற்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். முதலில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதுகு வலிக்கிறது, போர் அடிக்கிறது, மணி என்ன. பிறகு கூப்பிடுவது குறைந்தது. மத்தியானத்துக்கு மேல் சத்தமே இல்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"என்னங்க, எதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்" என்று குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "இங்க யாருமே எதுவும் கேக்கல, தெரியுமா?" என்றார். ஏதோ புதையல் கிடைத்தவர் குரல்.

பூச்சு பிரமாதமாக நின்றது. காய்ந்த பிறகு அவர் அதே ட்ரேயில் நின்று ஆசை தீரக் குளித்தார். "நூத்துக்கு நூறு" என்று டீச்சர் கீழிருந்து மார்க் போட்டார். மறுநாள் சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு, துண்டும் மாற்றுத் துணியுமாக நான் குளியலறைக்குப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர் முதலில் உள்ளே போனவர்தான், இன்னும் வெளியே வரவில்லை. பிள்ளைகளையும் மாமியாரையும் முகம் மட்டும் கழுவிக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

"பாவம், நாள் பூரா உழைக்கிறான். கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கட்டுமே. நீ பின்னாடி குளிச்சுக்கோ, உனக்குப் பழகினதுதானே" என்றார் மாமியார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போய்க் கதவைத் தட்டினேன்.

"வெளிய வாங்க. இது என்னோட நேரம்."

தண்ணீர் நின்றது. அவர் கதவருகே வந்தது தெரிந்தது.

"நீ ஏன் இதுக்குள்ளயே இவ்வளவு நேரம் இருந்தேன்னு எனக்கு இப்பதான் புரியுது" என்றார். கனிவாகத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

நான் துண்டோடு காத்திருந்தேன். தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. ஷவர் மறுபடியும் கொட்ட ஆரம்பித்தது.