மூடுபனிக்கு மேலே இரண்டு சாட்சிகள்

அந்த வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பு செவ்வாய்க்கிழமை வந்தது. காலையிலிருந்தே கடல் தெரியவில்லை. மூடுபனி கரையேறி, சிக்னல் குன்றையும் தாண்டி, போ-காப்பில் எங்கள் தெரு ஜன்னல்கள்வரை வந்து நின்றுவிட்டது. பன்னிரண்டு மணிக்குக் குன்றின்மேல் தினசரிப் பீரங்கி வெடித்தபோது கண்ணாடிகள் வழக்கம்போல அதிர்ந்தன. புகையை மட்டும் காணோம்.

மாடி அறையில் என் அக்கா மைமூனா படுத்திருந்தாள். வயிற்றில் கட்டி. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைப்போம். அதற்குமேல் எது உள்ளே போனாலும் வலியில் சுருண்டுவிடுவாள். பேச்சு மட்டும் பழைய பேச்சுதான்.

"யஹ்யா, பிறை பார்க்கக் கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டோம் தீத்தி." அக்காவை நாங்கள் தீத்தி என்றுதான் கூப்பிடுவோம்.

"பார்த்துட்டு வாங்க. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் கதவு திறக்க மாட்டேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தே நாலு நாள் ஆகியிருந்தது.

அவளுக்கு லபராங், நோன்புப் பெருநாள், வேண்டும். அந்த ஒரு பெருநாளுக்காகத்தான் மூச்சைப் பிடித்து வைத்திருந்தாள். காரணம் ஒரு கண்ணாடிக் கிண்ணம். போன வருஷம் லபராங் காலையில் என் மச்சான் தோயர் அதைக் கழுவுகிறேன் பேர்வழி என்று கைதவறிப் போட்டு உடைத்துவிட்டார். எங்கள் அம்மா வைத்துவிட்டுப் போன கிண்ணம். லபராங் அன்று எங்கள் வழக்கம், பள்ளிவாசலிலிருந்து வந்ததும் கையைப் பிடித்து மாஃப், அதாவது மன்னிப்பு, கேட்பது. பெரியவர் சின்னவரிடமும் கேட்கலாம், புருஷன் பெண்டாட்டியிடமும் கேட்கலாம். கேட்டால் கொடுத்துவிட வேண்டும். மைமூனா கொடுக்கவில்லை. "உங்களுக்கு இந்த வருஷம் மாஃப் கிடையாது மனுஷா, அடுத்த வருஷம் வாங்க" என்று சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாள். விளையாட்டாகச் சொன்னதுதான். அடுத்த வருஷத்துக்குள் இப்படி ஆகும் என்று யார் கண்டார்கள்?

படுக்கையில் விழுந்த பிறகு மச்சான் ஒருநாள் கெஞ்சியே பார்த்தார். "இப்பவே கொடுத்துடேன் மைமூனா."

"லபராங்ல கேக்கிறதை லபராங்லதான் கொடுக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? அதுவரைக்கும் இருப்பேன். பயப்படாதீங்க."

அன்று மாலை பிறை தெரிந்து புதன்கிழமை லபராங் என்றால் இருப்பாள் என்று எங்களுக்குத் தோன்றியது. வியாழன் என்றால் சொல்ல முடியாது.

தோயர் எனக்கு மச்சான் என்றாலும் பூட்டா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. பிறை விஷயத்தில் அவருடைய கண்ணுக்கு ஒரு மரியாதை. முப்பத்தோரு வருஷத்தில் பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நான் பார்ல் ஊர்ப் பள்ளியில் படித்தவன், ஒழுங்காக எழுதுவேன் என்று பிறைக் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்திருந்தார்கள். தேதி, சூரியன் மறைந்த நேரம், வானம் எப்படி, யார் யார் கண்டார்கள் என்று எழுதிவைப்பது என் வேலை.

சிக்னல் குன்றில் இமாமும் மற்றவர்களும் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். பக்கத்தில் நிற்பவரின் தொப்பிகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

"பூட்டா, உங்க கண்ணு பனியைக்கூடத் துளைக்குமா?" என்றார் தையற்கடை அக்மத்.

"துளைக்காது. அதனாலதான் மேல போறேன்" என்று பூட்டா சிங்கத் தலை மலைப் பக்கம் கைகாட்டினார். காட்டிய திசையில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

"நோன்பு வயித்தோட சங்கிலி பிடிச்சு ஏறப் போறீங்களா? அறுபத்திரண்டு வயசு மறந்துபோச்சா?"

"மலைக்கு என் வயசு தெரியாது, நீ போய்ச் சொல்லிடாதே."

இமாம் எங்கள் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேராப் போறது நல்லதுதான். லபராங் பிறைக்கு ரெண்டு சாட்சி வேணும். நாங்க இங்கேயே இருக்கோம். வந்து சொல்லுங்க."

மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் பாதை. பாதி வழிவரை பூட்டாவின் செருப்பைப் பார்த்துத்தான் நடந்தேன். சங்கிலி ஈரமாக இருந்தது. இரும்பு ஏணியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். கடைசிப் பாறையில் கை வைத்து ஏறியபோது தலைக்குமேல் திடீரென்று நீல வானம். கீழே ஊர் இல்லை, துறைமுகம் இல்லை, கடலும் இல்லை. பால் பொங்கிப் பரவியதுபோல வெள்ளை. அதில் எதிரே மேசை மலையின் விளிம்பும் நாங்கள் நின்ற சிங்கத்தின் தலையும் மட்டும்தான் வெளியே இருந்தன.

"யா அல்லாஹ்" என்றார் பூட்டா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பார்த்தியா, வழி விட்டிருக்கான்."

ஐந்து ஐம்பத்து மூன்றுக்குச் சூரியன் மறைந்தது. ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்தோம். அதன் பிறகு பார்க்க ஆரம்பித்தோம். அடிவானத்தில், பிறை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிற மேகம். ஒரே ஒரு மேகம். ஆறு மணி. ஆறு பத்து. பூட்டா கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஆறு இருபத்திரண்டுக்கு வானம் முழுதும் கறுத்துவிட்டது.

"நீ பார்த்தியா?"

"இல்ல பூட்டா."

"கொஞ்சம்கூடவா? ஒரு கீத்து?"

"இல்ல."

மேகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். நான்தான் சொன்னேன். இன்றுவரை அதற்காக வெட்கப்படவில்லை. "பூட்டா, பனிக்கு மேல நாம ரெண்டு பேருதான். நீங்க பார்த்தேன்னு சொன்னா நானும் பார்த்தேன்னு சொல்றேன்."

திரும்பி என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். தோளில் கை வைத்தார். "ஊரே ஒரு நோன்பை விட்டுடும். அந்தப் பாவத்தை அவ தலைமாட்டுல கொண்டுபோய் வைக்கச் சொல்றியா?"

டார்ச் வெளிச்சத்தில் இறங்கினோம். சங்கிலி வரும் இடத்தில் மட்டும் "பார்த்து" என்றார்.  குன்றில் எல்லோரும் காத்திருந்தார்கள். மைமூனாவின் நிலைமை அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். இமாம் கேட்பதற்கு முன்பே, "பார்க்கல" என்றார் பூட்டா. அக்மத் தலையைக் குனிந்துகொண்டார். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: பிறை தென்படவில்லை.

வீட்டு வாசலில் பூட்டா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ மேல வராதே. உனக்குப் பொய் சொல்ல வராது." படியேறிப் போனார். கீழே நின்ற எனக்கு அவர் குரல் கேட்டது. "எழுந்துடு மைமூனா. நாளைக்கு லபராங்."

இறங்கி வந்தவர் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார். கலீமா தன் பெருநாள் உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கும் வாயடைத்துப் போகாத பொம்பளை. அவர் விஷயத்தைச் சொன்னதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பொய்யா, பூட்டா? நீங்களா?"

"பொய்தான். பாவம் எனக்கு. நீ வந்து பெருநாள் ஸ்லாமத் மட்டும் சொல்லிட்டுப் போ."

இப்படி ஆறு வீடு. பள்ளிவாசலில் அன்று இரவு பெருநாள் தக்பீர் முழக்கம் இல்லை. ஆகவே நாங்கள் எட்டுப் பேர் மைமூனாவின் ஜன்னலுக்குக் கீழே நின்று, பக்கத்துத் தெருவுக்குக் கேட்காத அளவில் தக்பீர் சொன்னோம்.

மறுநாள், முப்பதாம் நோன்பு. ஊர் முழுக்க நோன்பு. எங்கள் வீட்டில் மட்டும் லபராங். பூட்டா சிவப்புத் தொப்பியும் நீண்ட வெள்ளை அங்கியும் போட்டுக்கொண்டு வெளியே போய், தொழுகை முடிகிற நேரம் கணக்காகத் திரும்பி வந்தார். கலீமா புது உடுப்பில் வந்தாள். அவள் பிள்ளைகள் பிஸ்கட் தட்டைக் கையில் ஏந்தி, ஒன்றைக்கூடத் தொடாமல், சிலைமாதிரி நின்றன.

"என்னடி கலீமா, உன் பிள்ளைங்க பிஸ்கட்டைப் பார்த்துச் சும்மா நிக்குதுங்க? காய்ச்சலா?" என்று கேட்டாள் மைமூனா.

"வீட்டுலயே மூக்குமுட்டத் தின்னுட்டு வந்திருக்குதுங்க, தீத்தி" என்று சொல்லிவிட்டுக் கலீமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு பூட்டா கட்டிலருகே மண்டியிட்டார். அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். முகம் அவள் முகத்துக்கு மிக அருகில். "மைமூனா, மாஃப்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். மறுபடியும் மறுக்கப் போகிறாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"கிண்ணத்துக்கா?"

"கிண்ணத்துக்கு. எல்லாத்துக்கும்."

"கொடுத்தாச்சு மனுஷா. எல்லாத்துக்கும் கொடுத்தாச்சு." பிறகு, "லபராங் அன்னிக்கு எனக்கு மட்டும் பட்டினியா? பூபர் எங்கே?" என்றாள்.

பாலில் சேமியாவும் ஜவ்வரிசியும் பட்டையும் போட்டு அவரே காய்ச்சி வைத்திருந்தார். ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார். அவள் கண்ணை மூடி விழுங்கினாள். "நல்லா வந்திருக்கு" என்றாள். பூட்டா குழந்தைமாதிரி சிரித்தார். "சாப்பிடுறா, பாரு யஹ்யா! சாப்பிடுறா!" கிண்ணத்தைக் கழுவக் கீழே ஓடினார்.

அவர் காலடிச் சத்தம் படியில் இறங்கியதும் மைமூனா சுருண்டாள். போர்வையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். வலி கொஞ்சம் விட்டதும் என் சட்டையைப் பற்றி இழுத்தாள்.

"இன்னிக்கு முப்பதாம் நோன்புதானே?"

நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"கிட்ட வந்து பேசினாரே. வாயில நோன்பு வாசனை. முப்பது வருஷமா இந்த வாசனைக்குப் பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? உன் வாயிலயும் அதே வாசனைதான், கழுதை." சிரிக்கப் பார்த்தாள், வலித்தது. "அந்த மனுஷன் பிறை விஷயத்துல பொய் சொல்லியிருக்காரு யஹ்யா. எனக்காக. எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாதே. உடைஞ்சு போயிடுவாரு."

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு அவள் போய்விட்டாள். அன்று மாலை பனி விலகி, பிறை யார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நின்றது. மறுநாள், ஊர் லபராங் தொழுகை முடித்துப் புது உடுப்போடு அவளுடைய ஜனாஸாவுக்கு வந்தது.

ஒரு வருஷம் பூட்டா சிங்கத் தலைப் பக்கமே போகவில்லை. அடுத்த ரமலானில் இருபத்தொன்பதாம் நாள் நான் வற்புறுத்தித்தான் அழைத்துப் போனேன். மலைப்பாதையின் முதல் வளைவில் ஒரு பாறை உண்டு. அதில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போ. பிறை பார்த்தேன்னு ஒரு தடவை பொய் சொன்னவன் சாட்சிக்கு ஆக மாட்டான்."

"ஊருக்கு நீங்க உண்மையைத்தானே சொன்னீங்க?"

"அவளுக்குச் சொல்லலையே. அவ மாஃப் கொடுத்தது லபராங்குன்னு நம்பி. அது லபராங் இல்ல. அப்போ அந்த மாஃபும் இல்ல. ஏமாத்தி வாங்கினது எப்படிடா செல்லும்? இனி யாருகிட்டப் போய்க் கேப்பேன்?"

ஒரு வருஷமாக இதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். சொல்லாதே என்று தீத்தி கேட்டுக்கொண்டதை அங்கேயே மீறிவிட்டேன். "தெரிஞ்சுதான் கொடுத்தா, பூட்டா. உங்க வாயில நோன்பு வாசனை அடிச்சதாம். மாஃப் கேட்டீங்களே, அப்பவே தெரியும் அவளுக்கு. செல்லும்."

 அவருடைய வலது கை மெதுவாக மேலே வந்து வாயை மூடிக்கொண்டது.

"அப்போ... பூபர்?"

இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

"லபராங் இல்லைன்னு தெரிஞ்சுமா குடிச்சா? எனக்காகவா?" விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "வலிச்சுதா?"

நான் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"எத்தனை ஸ்பூன்?"

"மூணு இருக்கும்."

"நாலு" என்றார். "நான்தானே ஊட்டினேன். நாலு."

என்னைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். நேரமாகிவிட்டதால், நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழத்தை அவர் கையில் வைத்துவிட்டுப் போனேன். மேலே வேறு நாலு பேர் இருந்தார்கள். வானம் சுத்தமாக இருந்தது. ஐந்து ஐம்பத்தொன்பதுக்குச் சூரியன் மறைந்தது. ஆறு பதினொன்றுக்குப் பிறையைக் கண்டோம், மெல்லிசாக, ஐந்து பேரும். பெயர்களை எழுதிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினேன்.

பூட்டா அதே பாறையில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன், பூட்டா."

"நல்லாப் பார்த்தியா?"

"நல்லாப் பார்த்தேன்."

எழுந்தார். ஸ்லாமத் சொல்லி என்னை அணைத்துக்கொண்டார். அப்போது எனக்கு அந்த நோன்பு வாசனை தெரிந்தது. நோன்பு திறக்கும் நேரம் தாண்டி முக்கால் மணி ஆகியிருந்தது. நான் கொடுத்துவிட்டுப் போன பேரீச்சம்பழம் அவர் உள்ளங்கையில் அப்படியே இருந்தது.