இரண்டாம் பாதி

கேசிகா தொலைபேசியை அப்பாவின் தலையணையோடு சாய்த்து வைத்துச் சத்தத்தைக் கூட்டியபோது ஆட்டம் தொடங்கி ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

இராசரத்தினம் இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கால்சாப் பகுதியிலுள்ள வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடமாக இத்தாலியின் பலெர்மோவில் மாடிப்படிகள் கழுவிய மனிதர். சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் யாரோடும் கதைக்கமாட்டார். ஸ்கொட்லாந்தின் நாலாம் பிரிவில் கிடக்கும் இன்வர்லோகன் என்ற உதைபந்தாட்டக் கழகத்துக்கு அந்த நேரம் எழுதி வைத்தது.

இளவயதில் அகதி மனுப் போட்டுவிட்டு அந்தக் கழகத்தின் கடற்கரை ஊரில் ஏழு மாதம் இருந்தார். மைதானத்துக்கு வெளியே குளிரில் நின்றவரை, வாசலில் ரிக்கெற் கிழித்த பெண் சும்மா உள்ளே விட்டு, சூடாக ஒரு இறைச்சிப் பேஸ்ட்ரியும் கொடுத்தாள். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று சைகையால் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அவருக்கென்றே இறைச்சிக்குப் பதிலாக மக்கரோனி வைத்துச் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். பிறகு மனு தள்ளுபடியாகி, அவர் இத்தாலிக்கு வந்து சேர்ந்தார். ஒரு மக்கரோனிக்கு இவ்வளவு விசுவாசமா என்று அம்மா ஞானாம்பிகை கேட்காத வருடமில்லை.

அந்தக் கழகம் இந்த வருடம் கடைசி இடம். இன்றைய ஆட்டத்தில் இரண்டு கோலால் வென்றால் லீக்கில் நிற்கும். இல்லாவிட்டால் நூறு வருட இடம் போய்விடும். கோல் காப்பவர் தபால்காரர், பின்வரிசையில் நிற்பவர் மின்சார வேலைக்காரர் என்று அப்பா சொல்லச் சொல்லக் கேசிகாவுக்கும் எல்லாம் மனப்பாடம். இன்வர்லோகன் ஒரு கோல் போட்டதை அவர் காதுக்குள் சொன்னாள். கேட்டாரோ தெரியாது.

இடைவேளையில் மூச்சு நீண்டது. பிறகு இன்னும் நீண்டது. பிறகு வரவில்லை.

அம்மா அவருடைய நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். கேசிகா டாக்டருக்கு எடுத்தாள். ஒரு மணித்தியாலத்தில் வருவதாகச் சொன்னார். கதைத்து முடிந்ததும் தொலைபேசியிலிருந்து மைதானத்து இரைச்சல் மறுபடி வந்தது. அவசரமாக அணைக்கப் போனாள்.

"நிப்பாட்டாதை, பிள்ளை," என்றாள் அம்மா. "முடியட்டும்."

இருவரும் கட்டிலின் இரு பக்கமும் இருந்து கேட்டார்கள். அம்மா சீப்பை எடுத்து அவர் தலையை வாரிவிட்டாள். எண்பத்து மூன்றாம் நிமிடம் வர்ணனைக்காரர் குரல் உடைந்து கத்தினார்.

"ஆர் அடிச்சது?"

"மின்சார வேலைக்காரன், அம்மா."

அம்மா தலையை ஆட்டிவிட்டு, வகிட்டை மறுபடி நேராக்கினாள். மிச்ச நிமிடங்கள் போக மாட்டேன் என்று போயின. இன்வர்லோகன் தப்பியது. டாக்டர் வந்து மணியடித்தபோது மைதானத்தில் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

செத்தவீடு முடிந்து எட்டாம் நாள் கேசிகா கழகத்துக்கு நாலு வரி எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. வாசல் மதிலில் பழைய ரசிகர்களின் பெயர்களை எழுதி வைப்பார்களாம். ஜூலையில் புதுப் பருவம் தொடங்கமுன் அவருடையதையும் எழுதப்போகிறார்களாம். அவருடைய மொழி எழுத்திலேயே அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

கேசிகா தட்டச்சுச் செய்து காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள்.

"'ரா'விலையே தொடங்கியிருக்கிறாய்?"

"பெர்மெஸ்ஸோ வதிவிட அட்டையிலை அப்பிடித்தானே அம்மா இருக்கு."

"அது குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை அவையள் எழுதினது. 'இ' போடோணும்."

கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் அம்மா அந்தப் பெயரை வாயால் சொல்லிக் கேசிகா கேட்டதில்லை. இப்போதும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த கடுதாசியைத் திருப்பி வைத்துப் பேனையை எடுத்து, 'இ' என்று எழுதினாள். சுழி சரியாக வரவில்லை. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றை, கொஞ்சம் பெரிதாக எழுதத் தொடங்கினாள்.