சிவப்பு லைற்

சைக்கிளுக்குப் பின்னால் பூட்டும் சிவப்பு லைற்றை ஸ்ரெல்லா நேற்றுத்தான் வாங்கி வந்தாள். புருசன் சிமியோன் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. முப்பது வருசமாகக் கடலில் தொழில் செய்கிறவனுக்குத் தெருவில் புத்தி சொல்ல வேண்டாம் என்று முறுகிக்கொண்டவன், விடியப்புறம் மண்டைதீவுக் கரையில் கட்டிய வள்ளத்துக்குச் சைக்கிளில் போய்விட்டான். லைற் மேசையில் கிடந்தது. வெளியே மாசிப் பனிமூட்டத்தில் எதிர்வீடே தெரியவில்லை.

மண்டைதீவுக்குப் போகிற பண்ணைத் தெருவில் இரு பக்கமும் கடல். லைற் இல்லாத சைக்கிளைப் பின்னால் வருகிற பஸ் எப்படிக் காணும்? லைற்றையும் எடுத்துக்கொண்டு தன் ஓட்டோவைக் கிளப்பினாள்.

பெரிய லைற்றைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் நின்றது. குறைத்ததும் தார் கொஞ்சம் தெரிந்தது. ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்தபடி நடக்கிற வேகத்தில் ஊர்ந்தாள். ஹோர்ன் அடித்துப் பார்த்தாள்; பதில் இல்லை. அப்போதுதான் உறைத்தது: பஸ் எதற்கு, அவனை இடித்து விழுத்த இந்த ஓட்டோவே போதுமே. காப்பாற்றப் போகிறவளின் லட்சணம்!

மூட்டத்துக்குள் மெசினை நிற்பாட்டிக் காதைக் கொடுக்க வேண்டும், பக்கத்து வள்ளக்காரன் பலகையில் தட்டுவான் என்று சிமியோன் ஆயிரம் தரம் அளந்திருக்கிறான். ஸ்ரெல்லா ஓட்டோவைத் தெருவை விட்டுப் புல்லில் இறக்கி, மெசினை நிற்பாட்டினாள்.

டொக். டொக். டொக்.

தகரத்தில் தட்டும் சத்தம். முன்னால், மிகக் கிட்ட.

"ஸ்ரெல்லா, உன்ரை ஹோர்ன்தானே? ஓட்டோவை எடுக்காதை, உதிலையே விடு."

அவள் இறங்கி ஓடினாள். எண்ணிப் பத்தடி. அவள் பிடித்து வந்த அதே வெள்ளைக் கோட்டின்மேல், உடுத்திருந்த சாரம் சைக்கிள் செயினுக்குள் சிக்கி எழும்ப முடியாமல் குந்தியிருந்தான். கையில் அவன் தட்டிய தகரச் சாப்பாட்டு வாளி. பின்னால் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. இருவரும் இழுத்த இழுப்பில் சாரம் கிழிய, அவன் சைக்கிளோடு புல்லில் விழுந்தான். பஸ் கடந்து போனது.

அழுதழுது அவள் ஏசிய ஏச்சு முழுவதையும் அவன் தலை குனிந்து கேட்டான். பிறகு சைக்கிளை ஏற்றுவதற்கு ஓட்டோவின் பின்பக்கம் போனவன், அங்கேயே நின்றுவிட்டான்.

"இதை ஒருக்கா வந்து பார்."

போய்ப் பார்த்தாள். முன் லைற் எரிந்தபடியே இருந்தது. பின் லைற் இரண்டும் செத்துக் கிடந்தன. எத்தனை நாளாக என்று அவளுக்குத் தெரியாது; பின்னால் போய்ப் பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. புல்லில் இறங்காமல் இருந்திருந்தால் அந்த பஸ் முதலில் தன்மேல்தான் ஏறியிருக்கும் என்று அவளுக்கு விளங்கியது.

சிமியோன் அவள் கொண்டுவந்த சிவப்பு லைற்றை ஓட்டோவிலிருந்து எடுத்து, கிழிந்த சாரத் துண்டால் ஓட்டோவின் பின்கம்பியில் இறுக்கிக் கட்டி, எரிகிறதா என்று நாலடி தள்ளி நின்று பார்த்தான்.