பூட்டிய ஸ்விட்ச்

என் கணவர் நாராயணஸ்வாமி ரிடையரானதும் மௌலா அலி பழைய இரும்புக் கடையிலிருந்து இரும்பைக் கடைகிற ஒரு லேத்தை வாங்கி வந்தார். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டின் பின்னால் தகர ஷெட் போட்டு அதைக் குடிவைத்தார். ஒரு வருஷமாகக் கழற்றுகிறார், மாட்டுகிறார். அது ஓடினால் கத்தும், கத்தினால் நிற்கும். பாத பூஜை ஒன்றுதான் பாக்கி. "அந்தச் சனியனைத் தூக்கிப் போடுங்கோ" என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

2012 கோடை அது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. பத்து மணிவாக்கில் வரும். அன்று பத்தாகப் போகிற நேரத்தில் ஷெட்டிலிருந்து, "ஜலஜா, கொஞ்சம் வா" என்று குரல். அந்தக் குரல் சரியாக இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

இடது கையின் இரண்டு விரல்கள் லேத்தின் பல்சக்கரங்களுக்கு நடுவே மாட்டியிருந்தன. மெஷின் நின்றிருக்கும்போது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்திருக்கிறார். முகம் வெளுத்துக் கிடந்தது. பின்பக்கமாகத் திருப்பலாமென்று சக்கரத்தைத் தொட்டேன். அவர் போட்ட சத்தத்தில் கையை எடுத்துவிட்டேன்.

"திருப்பாதே. அந்த நட்டைத் தளர்த்தினா சக்கரம் விலகும். துருப் பிடிச்சிருக்கு, எண்ணெய் விட்டு ஊறணும். ஒண்ணும் அவசரமில்லை. மெயினைப் பூட்டியாச்சு, சாவி எங்கிட்ட."

அது ஃபேக்டரிப் பழக்கம். மெஷினுக்குள் கை விடுகிறவன் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கை வெளியே வரும்வரை யாரிடமும் தரக்கூடாது. வேலையிலிருந்த காலமெல்லாம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான்.

எண்ணெய்க் குப்பியை எடுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பினேன். மெயின் ஸ்விட்சின் இரும்புப் பெட்டியில் பூட்டு தொங்கியது. கைப்பிடி ஆன் பக்கம் இருந்தது.

கரண்ட் இல்லாத நேரத்தில் ஆனும் ஆஃபும் ஒரே அமைதிதானே. மனுஷர் அணைக்க மறந்து, பூட்டை மட்டும் போட்டிருக்கிறார்; பூட்டைத் திறக்காமல் கைப்பிடி அசையாது. லேத்துக்கு வேறு ஸ்விட்ச் கிடையாது. கரண்ட் வந்த நொடியே அது சுற்றும்.

சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன். பல்லி விழுந்தாலே துள்ளுகிறவர். சொன்னால் கையை இழுப்பார். இழுத்தால் விரல்கள் சக்கரத்தோடு நின்றுவிடும்.

"அந்தச் சாவியைக் கொடுங்கோ" என்றேன், சாதாரணமாக.

"எதுக்கு?"

"சும்மா. நான் வச்சுண்டிருக்கேன்."

"நக்கோ, அதெல்லாம் வேண்டாம். கை வெளியே வந்தப்புறம்தான். ரூல்னா ரூல்."

நானே எடுக்கவும் வழியில்லை. சாவி பேன்ட்டின் இடது பையில். அந்தப் பக்கம்தான் மெஷினோடு ஒட்டி நின்றார். நகர்ந்தால் விரல் இழுபடும். எனக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டியது. விரல் போகிற நேரத்தில் ரூலாம்.

மாடியில் குடியிருக்கும் ஆக்னஸ், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், பால்கனியிலிருந்து கூப்பிட்டாள். "ஆன்ட்டி, பின்தெருவுல கரண்ட் வந்துடுச்சு. நமக்கும் இப்ப வந்துடும்ல?"

"வரட்டுமே" என்று இவர் பதில் சொன்னார். சிரிக்கக்கூடச் செய்தார்.

அப்போதுதான் மோட்டாரிலிருந்து லேத்துக்குப் போகும் கான்வாஸ் பெல்ட் கண்ணில் பட்டது. அது இல்லாவிட்டால் மோட்டார் மட்டும்தான் ஓடும். கழற்ற வேண்டுமானால் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். மேஜையில் கிடந்த கத்தியை எடுத்துக் குனிந்தேன்.

"என்ன பண்றே?"

மெஷினை ஆட்டாமல் அறுக்க ஆரம்பித்தேன். பெல்ட் நார்நாராகத்தான் விட்டுக்கொடுத்தது.

"ஜலஜா, பைத்தியமா உனக்கு? கோயமுத்தூர்ல சொல்லி வச்சு வரவழைச்ச பெல்ட் அது."

கல்யாணமானதிலிருந்து அவர் என்னை அப்படித் திட்டியதில்லை. அறிவுகெட்டவள் என்றார். இந்த மெஷினைக் கண்டாலே எனக்கு ஆகாது, சமயம் பார்த்துப் பழி தீர்க்கிறேன் என்றார். ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது. கேட்டுக்கொண்டே அறுத்தேன். கத்தி வழுக்கி என் கட்டைவிரலையும் பதம் பார்த்தது.

பெல்ட் அறுந்து கீழே விழுந்தது. கத்தியைப் போட்டுவிட்டு அவருடைய இடது மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அவர் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மோட்டார் உறுமியது.

துள்ளினார். நான் விடவில்லை. மோட்டார் முழு வேகத்தில் சுற்றியது. விரல்களைக் கவ்வியிருந்த சக்கரம் அசையவில்லை. மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். கைப்பிடி நின்ற பக்கத்தைப் பார்த்தார்.

"உனக்கு எப்போ தெரிஞ்சது?"

"எண்ணெய் எடுக்கறச்சே."

"அத்தனை பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"சொன்னா இழுத்திருப்பேள்."

ஆக்னஸைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் நட்டில் எண்ணெய் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரோடு மல்லுக்கட்டி நட்டைத் தளர்த்தினாள். சக்கரம் விலகியது. விரல்கள் நசுங்கி, நீலம் பாரித்து, ஆனால் முழுசாக வெளியே வந்தன. "ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிடறேன் ஆன்ட்டி" என்று அவள் ஓடினாள்.

இனி என்ன என்று நான் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்கப் போனேன்.

"விட்டுடாதே" என்றார்.