பதினான்கு இஞ்ச் கைப்பட்டை

கிட்ட வந்து உட்காருங்கள். நாற்காலியில் கிடக்கிற துணியைத் தள்ளிவிட்டு உட்காரலாம், அது தைத்தும் யாரும் வாங்க வராத சட்டை. உங்களுக்கு ஒரு கதை தருகிறேன். கழுத்தும் கையும் கச்சிதமாக வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் உடம்பில் ஏறும்.

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கைத்தவறில் பிறந்தது. ஒரு எலாஸ்டிக்கை மூன்று இஞ்ச் அதிகமாக வெட்டிவிட்டேன். அந்த மூன்று இஞ்ச் இன்று எங்கள் கால்பந்து கிளப்பின் வாசல் சுவரில் ஆளுயரப் படமாக நிற்கிறது.

நான் தையல்காரி. கிளப்புக்கு ஜெர்சி தைப்பவள். எழுத்து எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. செய்தித்தாளில் அளவு வரைந்து வெட்டுவோமே, அதைப் படித்துப் படித்து வந்ததுதான். அதனால் நான் படித்த எந்தச் செய்திக்கும் கழுத்துப் பகுதி கிடையாது. யார் என்ன சொன்னார் என்று தெரியும், ஏன் சொன்னார் என்பது வட்டமாக வெட்டுப்பட்டுப் போயிருக்கும். முடிவு வைக்காமல் கதை எழுதுகிறாள் என்று என்னைக் குறை சொல்கிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

எங்கள் கேப்டன் இறந்து ஒன்பது வருடம். சாகும்போது வயது முப்பத்தொன்று. இந்த வருட நினைவு மலருக்காகக் கிளப் செயலாளர் என் கடைக்கு வந்தார்.

"அத்தை, நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்களே. நம்ம கேப்டனைப் பத்தி ஒரு பக்கம் குடுங்க. கொஞ்சம் வீரமா."

"வீரத்துக்கு எத்தனை வரி?"

"பாதிப் பக்கம். மீதி போட்டோ."

(செயலாளர் என்னை அத்தை என்பார். கேப்டனும் அத்தை என்றான். அவன் மகளும் அத்தை என்கிறாள். உறவுமுறையெல்லாம் என் கடைவாசலிலேயே செருப்போடு சேர்ந்து கழன்றுவிடும்.)

2

முதல் தொடக்கம்: "பிறக்கும்போதே காலை உதைத்துக்கொண்டு" — எல்லாக் குழந்தையும் அப்படித்தான் பிறக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது, செயலாளர் எழுதித் தந்தது: "விதியே எதிரில் வந்தாலும் கைப்பட்டையை ஏற்றிவிட்டு நிமிர்ந்து நின்ற" — விதி எந்த டீமில் ஆடியது என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போனவர் இரண்டு நாள் வரவில்லை.

மூன்றாவது: "அவன் பஸ் பணிமனையில் பிரேக் பார்க்கிற ஃபிட்டர். எந்த வண்டியையும் நிறுத்தத் தெரியும், தன் வாயை நிறுத்தத் தெரியாது." இது எனக்குப் பிடித்திருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

கைப்பட்டை என்றால் கேப்டன் என்பதற்கு அடையாளமாக மேல்கையில் போடுகிற பட்டை. ஆட்டத்துக்கு நடுவில் எங்கள் கேப்டன் அதை இன்னொரு கையால் மேலே ஏற்றிவிடுவான். அவன் விட்டுப்போனதில் ஊர் எடுத்து வைத்துக்கொண்டது அதைத்தான். கிளப் வாசல் சுவரில் வரைந்து வைத்திருப்பதும் அதைத்தான். கோச் செவ்வாய்க்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தருகிறார். பட்டையே இல்லாத கோல்கீப்பர்கள் வெறுங்கையை ஏற்றிவிடுகிறார்கள். பக்கத்து ஊர் கேப்டன் ஒருவன், பட்டை இறுகி விரலெல்லாம் நீலம் பாரித்திருக்க, அதையும் ஏற்றிவிட்டுக்கொண்டுதான் ஆடினான்.

நடந்தது இதுதான். அவனைக் கேப்டனாக்கியது ஒரு மதியம். நாலு மணிக்கு ஆட்டம். செயலாளர் ஓடி வந்தார்.

"அளவு எங்க?" என்றேன்.

"என் கையும் அவன் கையும் ஒண்ணுதான் அத்தை. என்னையே அளந்துக்கோங்க."

செயலாளரின் கை அந்தக் காலத்தில் ஒரு சின்னத் தலையணை. பதினான்கு இஞ்ச். நம்பி வெட்டினேன். பிரேக் ஃபிட்டரின் கை பதினொன்று.

4

மறுநாள் காலை கடை திறக்கும்போதே வந்து நின்றான்.

"அத்தை, இது கையில நிக்கமாட்டேங்குது. வாட்ச்சா கட்டிக்கவா?"

"கழட்டு. ரெண்டே நிமிஷம், பிடிச்சுத் தைச்சுத் தர்றேன்."

பாதி கழற்றியவன் நிறுத்திக்கொண்டான்.

"வேணாம் அத்தை. நேத்து ரெஃப்ரி ஒரு ஆஃப்சைடு குடுத்தான். அவன் பரம்பரையையே இழுத்து நாலு வார்த்தை வாய் வரைக்கும் வந்துடுச்சு. அந்த நேரம் பாத்து இது முழங்கைக்கு இறங்குது. ஏத்தி விடுறதுக்குள்ள வார்த்தை மறந்துபோச்சு."

"நாலுமா?"

"மூணு. நாலாவதை முழுங்கிட்டேன்."

அதற்கு முன் அவன் வாயால் வாங்கிய சிவப்பு அட்டை மூன்று. அதற்குப் பின் ஆறு வருடம் கேப்டன், ஒன்றுகூட இல்லை.

"செயலாளர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றான். "தியானம்னு பேர் வெச்சு கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுடுவார்."

சொல்லவில்லை. பதினைந்து வருடமாக.

5

"மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன்" — இல்லை. ஊர் அப்படித்தான் சொல்கிறது. அப்படி நடக்கவில்லை.

"அந்த இறுதிப் போட்டிக்குப் பிறகு" — இதுவும் இல்லை.

காய்ச்சல். ஆறு நாள், ஆஸ்பத்திரி. ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் அவன் கடைசியாகக் கேட்டது, யாருக்கும் அக்கறையில்லாத ஒரு இரண்டாம் டிவிஷன் ஆட்டத்தின் ஸ்கோர். செயலாளர் வராந்தாவில் நின்று பன்னிரண்டு பேருக்குப் போன் போட்டார். ஒன்றுக்கு ஒன்று என்று தெரிந்துகொண்டு உள்ளே போனபோது, கேட்டவன் இல்லை.

இந்தப் பத்தியில் சிரிக்க ஓர் இடம் வைக்கப் பார்த்தேன். துணி போதவில்லை.

6

இந்த வியாழக்கிழமை கேப்டனின் மனைவியும் மகளும் கடைக்கு வந்தார்கள். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மகளுக்குப் பதினைந்து வயது, பள்ளிக்கூட டீமுக்குப் புதுக் கேப்டன். (போன மாதம் ரெஃப்ரியிடம் ஏதோ ஒரு வார்த்தை சொல்லி மஞ்சள் அட்டை வாங்கியவள். அப்பன் மகள்.) பையிலிருந்து அந்தப் பழைய பட்டையை எடுத்தாள்.

"அத்தை, ஞாயித்துக்கிழமை மேட்ச். இதை டைட்டா பிடிச்சுக் குடுங்க. என் கையில தொட்டில் மாதிரி ஆடுது."

"தைக்கக் கூடாது," என்றாள் அம்மா. "உங்கப்பா போட்ட மாதிரியே போடு."

"அப்பா ஏத்தி ஏத்தி விட்டுக்கிட்டே இருந்தார்மா. எனக்கு ஓடணும்."

"அவர் சும்மா ஏத்தி விடல. நான் எங்க உக்காந்திருக்கேன்னு பாத்துட்டுத்தான் ஏத்தி விடுவார். எல்லாம் சரியா இருக்கு, கவலப்படாதேன்னு எனக்குச் சொல்றதுடி அது."

மகள் மின்விசிறியைப் பார்த்தாள். நான் அவள் கையில் பட்டையைச் சுற்றி அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டில் ஐந்து குண்டூசி.*

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க அத்தை. வீரம்ங்கிறாங்க, ஸ்டைலுங்கிறாங்க. ஒன்பது வருஷமா நான் இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். தைச்சது நீங்க. நீங்களே சொல்லுங்க. எனக்குத்தானே?"

* தையல்காரர்கள் குண்டூசியை ஏன் உதட்டில் கவ்வுகிறோம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கைக்குச் சட்டென்று கிடைக்க என்று சொல்லி வைத்திருக்கிறோம். பாதி நேரம் பதில் சொல்லாமல் தப்பிக்கத்தான்.

7

முடிவு, முதல் வகை: ஊசியை எடுத்துவிட்டு உண்மையைச் சொல்கிறேன். மூன்று இஞ்ச் அதிகம், செயலாளரின் கை, நாலு வார்த்தை. ஒன்பது வருடம் ஒரு சைகையோடு குடித்தனம் நடத்தியவள், வெறும் எலாஸ்டிக்கோடு வீட்டுக்குப் போகிறாள்.

இரண்டாம் வகை: தலையாட்டுகிறேன். அவள் நிம்மதியாகப் போகிறாள். நான் அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துத் தலையை ஆட்டப்போன சமயத்தில் அந்தப் பெண் குறுக்கே பேசினாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல அத்தை. பழைய வீடியோ எல்லாம் பாத்துட்டேன். பட்டை இறங்கினா பட்டையப் பாக்கணும், இல்ல பந்தைப் பாக்கணும். அப்பா ஒவ்வொரு தடவையும் கேலரியில ஒரே மூலையப் பாக்குறார். ஒரு தடவை அப்படிப் பாத்துட்டு இருந்ததுல ஒரு கோலே போச்சு."

"மூணாவது படி, தூணோரம்," என்றாள் அம்மா. "நான்தான்."

நானும் அந்த ஆட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ஆறு வருடமும் நான் பார்த்தது பட்டையை மட்டும்தான். தப்பு செய்தவளுக்குத் தன் தப்பைத் தவிர வேறென்ன தெரியும். பட்டை இறங்கியது என்னால். வார்த்தை அடங்கியது அதனால். ஆனால் அதை ஏற்றிவிடுகிற அந்த ஒரு நொடி, அவன் கண் எங்கே போக வேண்டும் என்று நான் அளவெடுத்து வெட்டவில்லை. அது அவனாகப் போன இடம்.

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"உனக்குத்தான்," என்றேன். பிறகு மீதியையும் சொன்னேன். ஒன்றையும் வெட்டாமல்.

செயலாளரின் கை வந்த இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அந்த நாலாவது வார்த்தை என்ன அத்தை?"

"பிள்ளை இருக்கு."

"எனக்குத் தெரியும்," என்றாள் பிள்ளை.

8

(செயலாளரே, இதைத் திருத்துவதற்காகப் படித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாம் பகுதியை அடிக்காதீர்கள். உங்கள் கை இப்போது எவ்வளவோ மெலிந்துவிட்டது.)

தைக்கவா, விடவா என்பது மட்டும் அன்றைக்குத் தீரவில்லை. அம்மா பக்கம் ஒரு முனை, மகள் பக்கம் ஒரு முனை, நடுவில் எலாஸ்டிக். கடைசியில் தையல்காரி புத்தியைக் காட்டினேன். பட்டையை அந்தப் பெண்ணின் கைக்குச் சரியாக மடித்து, நீள நீளமாக ஒரு தையல் போட்டேன், ஒரே இழுப்பில் பிரிந்துவிடுகிற தையல். நூலின் முனையை வெட்டாமல் வெளியே விட்டுக் கொடுத்தேன்.

"வேணும்னா விடு. வேணாம்னா இழு," என்றேன்.

இன்று சனிக்கிழமை. பக்கம் சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும், ஆட்டம் நாளைக்கு. ரெஃப்ரி தப்பாக விசில் ஊதுவார், அதில் சந்தேகமில்லை. அந்தப் பெண்ணின் வாய்க்கு நாலாவது வார்த்தை வரும், அதிலும் சந்தேகமில்லை. அவள் அம்மா மூன்றாவது படியில் தூணோரம் உட்கார்ந்திருப்பாள். இதற்குமேல் என் செய்தித்தாளில் கழுத்து வெட்டியிருக்கிறது. நூல் முனை உங்கள் பக்கம் இருக்கிறது. இழுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

எழுந்திருக்கும்போது பார்த்து, கீழே ஊசி கிடக்கும். உங்கள் வீட்டில் கோபம் வாய் வரைக்கும் வருகிறபோதெல்லாம் கையில் ஏதாவது ஒன்று நழுவி இறங்கட்டும். அதை ஏற்றிவிடுகிற நேரத்தில் கண் போய் நிற்பதற்கு ஒரு முகம், உங்கள் எல்லோருக்கும், நெடுநாள் இருக்கட்டும்.