அழகர்சாமியின் தகரம்

அந்தமான் தீவில், ரங்கத் என்ற ஊரில் வீடு கட்டிக்கொடுக்கும் கண்ட்ராக்டர் ஆவுடையப்பனைப் பொய்யன் என்று சொல்லிவிட முடியாது. வாக்குக் கொடுக்கும் நேரத்தில் அதை அவனே முழுதாக நம்புவான். அந்த நம்பிக்கை தெருமுனை திரும்பும்வரை தாங்கும். அதற்குள் வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்கள். ஒரே சமயத்தில் ஏழு வீடுகளைத் தொடங்கி வைத்திருந்தான். ஏழு மனையிலும் தலா ஒரு இரும்புச் சட்டியும் மண்வெட்டியும் கிடக்கும். அவை கிடக்கிறவரை வேலை நடக்கிறது என்பது அவன் சித்தாந்தம். ஏன் ஆளைக் காணோம் என்று கேட்டால் கப்பல் வரவில்லை என்பான், மணலுக்குப் பெர்மிட் இல்லை என்பான், மழை என்பான். மூன்றும் பாதி நாள் உண்மையாக இருந்ததுதான் தீவுக்காரர்களின் தலையெழுத்து.

அங்கம்மாவிடம் அவன் கப்பலைச் சொல்லியிருந்தான். கச்சால் தீவில் இருபத்தைந்து வருடம் ரப்பர் பால் வெட்டியவள். சுனாமி அலை வந்து குடியிருப்பைக் கொண்டுபோனபின் தகர ஷெல்ட்டரில் மூன்று வருடம் வெந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், தம்பி குடியிருக்கும் ரங்கத்தில் ஒரு மனை வாங்கி வீட்டைத் தொடங்கினாள். இரண்டு அறை முடிந்தது. சமையலறைக்குக் கூரை இல்லை, குளியலறைக்குக் கதவு இல்லை. "போர்ட் பிளேர்ல தகரம் எறங்கிட்டுக்கா, இன்னைக்கே கட்டினாத்தான் எடுக்க முடியும்" என்று சொல்லி மீதிப் பணம் முழுவதையும் ஆவுடையப்பன் ஜனவரியிலேயே வாங்கிவிட்டான். அதன்பின் தகரம் ரங்கத்துக்கு வரக் கப்பல் இல்லை என்றே சொல்லிவந்தான். இப்போது ஏப்ரல் கடைசி. மே மாதம் பாதியில் மழை பிடித்துவிடும். அதற்குமுன், அடுத்த செவ்வாய்க் கப்பலில், ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் ஷீலா பிரசவத்துக்கு வருகிறாள்.

அங்கம்மாவுக்கு வேண்டியது கூரை. ஆவுடையப்பனைத் திருத்துவதில் அவளுக்கு அக்கறை இல்லை. ஏமாந்தவர்களில் பலருக்கு இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்களுக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை பென்ஷன் ஆபீஸுக்காக போர்ட் பிளேர் பஸ் ஏறினாள். முன்சீட்டில் ஆவுடையப்பன். பக்கத்தில் புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர் நந்தகுமார். ஜன்னலோரம் அவர் மனைவி வைஜெயந்தி. அங்கம்மாவைப் பார்த்ததும் ஆவுடையப்பன் தூங்கிப்போனான். அவ்வளவு வேகமாக ஒரு மனிதன் தூங்கி அவள் பார்த்ததில்லை.

வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு அவர்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். கதம்தலா ஊரைத் தாண்டுவதற்குள் அவனுக்குத் தூக்கம் கலைந்தது. தொழில் அழைத்தது.

"ரெண்டே மாசம் சார். சாவிய உங்க கையில தந்துட்டுத்தான் அடுத்த வேலையத் தொடுவேன். இன்னைக்கு டைல்ஸப் பாத்து எடுத்துட்டு, அட்வான்ஸ மட்டும் கொடுத்திருங்க, போதும்."

சொல்லுக்குச் சொல் தனக்குச் சொன்னதே என்று அங்கம்மா கேட்டுக்கொண்டாள். நந்தகுமார் மடியில் ஒரு தோல்பை இருந்தது. ஆவுடையப்பன் பேசும்போதெல்லாம் அவன் கண் அந்தப் பையைத் தொட்டுவிட்டு வந்தது.

படகுத்துறை வந்தது. அங்கே பஸ்ஸையே தூக்கி ஏற்றிக்கொண்டு போகும் படகு. "உதரோ, உதரோ, சப் நீச்சே!" என்று கண்டக்டர் கத்த, எல்லாரும் இறங்கிப் படகின் விளிம்போரம் நின்றார்கள். சுற்றிலும் தண்ணீர். செல்போனில் சிக்னல் ஒரு கோடு கிடையாது. ஆவுடையப்பன் மாதிரி ஆளிடம் பேச இதைவிட நல்ல இடம் அந்தமானில் இல்லை.

அங்கம்மா அவனிடம் போகவில்லை. வைஜெயந்தியிடம் போனாள்.

"என்னா தாயி, வீடு கட்டப்போறீங்களா?"

"ஆமாங்க. இவர்தான் கட்டித் தர்றேன்னு சொல்றார்."

"எனக்கும் இந்தத் தம்பிதானே கட்டுனாரு!"

ஆவுடையப்பன் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"செவுரு சும்மா நூல் புடிச்ச மாதிரி நிக்கும். சமையக்கட்டுக் கூரை இருக்கே, அத நீங்க நேர்ல வந்து பாக்கணும். நான் சொன்னா நம்பமாட்டீங்க."

வைஜெயந்தி புருஷனைப் பார்த்தாள். "பாக்கலாமாங்க?"

"ஞாயித்துக்கெழம வாங்க. மீன் கொழம்பு வைக்கிறேன். சாப்பிட்ட கையோட பாத்துட்டுப் போங்க."

"அக்கா, ஞாயித்துக்கெழம சாருக்கு வேலை இருக்கும்லா..." என்று இழுத்தான் ஆவுடையப்பன்.

"ஞாயித்துக்கிழமை வாத்தியாருக்கு என்ன வேலை?" என்றாள் வைஜெயந்தி. "பாத்துட்டே அட்வான்ஸ் கொடுத்துடலாங்க. அஞ்சு நாள்தானே."

நந்தகுமார் தோல்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார், ஆவுடையப்பன் இல்லாத பக்கத்துக்கு.

அதற்குப்பின் பஸ், போலீஸ் காவலோடு போகும் வண்டி வரிசையில் சேர்ந்து, பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் நுழைந்தது. அந்தக் காட்டில் எந்த வண்டியும் நிற்கக்கூடாது, யாரும் இறங்கக்கூடாது. ஆவுடையப்பன் எழுந்து வந்து அங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டிய?"

"நல்லதுதானே தம்பி சொன்னேன்? ஒரு குத்தம் சொன்னேனா?"

"கூரையே இல்லியேக்கா!"

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. ஞாயித்துக்கெழம தெரிஞ்சிரும்."

"அஞ்சு நாள்ல எப்படிக்கா முடிப்பேன்?"

"மூணு மாசத்துல முடியாதத அஞ்சு நாள்ல எப்பிடி முடிப்பீங்கன்னுதான் நானும் யோசிக்கிறேன்."

"தகரம் இன்னும் கப்பல்ல..."

"சொல்லுங்க. அவங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

காடு முடிந்து சிக்னல் வந்ததும் அவன் போனை எடுத்து யாரையோ கெட்ட வார்த்தையில் எழுப்பினான்.

வியாழக்கிழமை நான்கு ஆட்கள் வந்தார்கள். கப்பலில் இருந்த தகரம், கப்பல் எதுவும் வராமலேயே ஒரு வேனில் வந்தது. பஜார் கடைகளில் ஒருவருக்கென்று எடுத்து வைக்கும் சரக்கில் சாக்பீஸால் பெயர் எழுதுவது வழக்கம். இந்தத் தகரங்களில் 'அழகர்சாமி' என்று எழுதியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் அழகர்சாமியை அங்கம்மாவுக்குத் தெரியும். பாதியில் நிற்கும் ஏழு வீடுகளில் ஒன்று அவனுடையது. அவனும் பணம் முழுவதையும் கட்டியவன்.

அங்கம்மா அந்தப் பெயரைப் படித்தாள். எழுத்து உள்பக்கம் தெரியும்படி ஆணி அடித்தார்கள்; அவள் நிறுத்தச் சொல்லவில்லை. அழித்துவிடவா என்று ஆவுடையப்பன் கேட்டதற்கு, "இருக்கட்டும், அடுப்புப் புகையில மறஞ்சிரும்" என்றாள். சனிக்கிழமை குளியலறைக் கதவும் மாட்டியாயிற்று. அன்று மாலை டீ குடிக்கப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நந்தகுமாரும் வைஜெயந்தியும் வந்தார்கள். ஆவுடையப்பன் வெள்ளைச் சட்டை போட்டு முன்னாலேயே வந்து, தன் வீடு மாதிரி சுற்றிக் காட்டினான். வைஜெயந்தி கதவைத் திறந்தாள், மூடினாள், சுவரைத் தட்டினாள். திருப்திதான். புதுக் கூரையின் கீழ் சமையலறையிலேயே இலை போட்டாள் அங்கம்மா. ஓர் இலை கூடுதலாக இருந்தது.

"அது யாருக்குக்கா?" என்று ஆவுடையப்பன் கேட்டு முடிப்பதற்குள் அழகர்சாமி உள்ளே வந்தான். ஆவுடையப்பன் சோற்றைப் பிசைவதில் மும்முரமானான்.

சாப்பாட்டு நடுவில் வைஜெயந்தி நேராகவே கேட்டாள். "நீங்க சொல்லுங்கம்மா. இவரை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?"

அங்கம்மாவின் வேலை முடிந்துவிட்டது. கொடுங்கள் என்று சொல்லியிருந்தால் ஆவுடையப்பன் காலம் முழுக்க நன்றியோடு இருந்திருப்பான். கொடுக்காதீர்கள் என்றிருந்தால் ஆவுடையப்பனுக்கு ஆசை காட்ட ஒன்றும் இல்லாமல், அழகர்சாமியின் தகரத்துக்கு வழியே இல்லாமல் போயிருக்கும்.

"வேலை சுத்தமா செய்வாரு தாயி. நீங்களே பாத்தீங்க. ஆனா இந்தத் தகரம் என்னோடது இல்ல. மேல பாருங்க."

எல்லாரும் அண்ணாந்தார்கள். அழகர்சாமி கையில் சோற்று உருண்டையோடு எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"எம் பேருல்ல? தலைகீழா வச்சு அடிச்சிருக்கீங்க!"

"அழகரு வீட்டுக் கூரைய இந்தத் தம்பி மொதல்ல போட்டு முடிக்கட்டும்" என்றாள் அங்கம்மா. "முடிஞ்ச அன்னைக்கு அழகரு உங்களக் கூப்பிட்டு விருந்து வைப்பாரு. அங்க பாத்துட்டு அட்வான்ஸக் குடுங்க. உங்க வீட்டுல வேலை நின்னுச்சுன்னா நீங்களும் யாரையாச்சும் விருந்துக்குக் கூப்பிடுங்க. இந்தத் தம்பிக்குப் பழைய ஆளுங்க சத்தம் காதுல விழாது. புதுசா வர்ற ஆளுங்க என்னா நெனப்பாங்கங்கிறதுல ரொம்ப அக்கறை."

நந்தகுமார் தோல்பையைக் கொண்டுவரவில்லை என்பதை ஆவுடையப்பன் அப்போதுதான் கவனித்தான்.

"அடுத்த ஞாயிறு நாங்க சும்மாதான் இருக்கோம்" என்றாள் வைஜெயந்தி, அழகர்சாமியைப் பார்த்து.

"தகரம் கப்பல்ல வரணும்லாக்கா" என்றான் ஆவுடையப்பன். பழக்கம்.

"நாளன்னைக்குக் கப்பல் வருது தம்பி. எம் மக அதுலதான் வாறா." அங்கம்மா அவன் இலையில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். "தகரம் எறங்குதான்னு துறைமுகத்துல நின்னு பாக்கச் சொல்றேன்."