ஐந்தாவது கசிவு

கப்பல்களின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் இறங்கிச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கம்பெனி அது. பதினொரு டைவர்கள், ஒரு மெக்கானிக். மெக்கானிக் பெண். எங்கே போனாலும் கையில் சோப்புத் தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில் இருக்கும் என்பதால் அவளுக்கு சோப்பக்கா என்று பெயர். ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். எட்டு வருடத்தில் அது முகத்துக்கு நேரே வந்துவிட்டது.

கசிவைக் கண்டுபிடிக்க அவளிடம் பெரிய வித்தை எதுவும் கிடையாது. டைவரின் காற்றுச் சிலிண்டரைத் திறந்துவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடிப்பாள். நுரை பூத்தால் அங்கே கசிவு. பூக்காவிட்டால் சிலிண்டரும் குழாயுமாக மொத்த செட்டையும் தொட்டியில் முக்கி, குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பாள். அதிலும் வராவிட்டால் கசிவே இல்லை, டைவர் கதை விடுகிறான் என்று அர்த்தம். இந்த முடிவுக்கு அவள் அடிக்கடி வந்ததால் டைவர்களுக்கு அவள்மேல் அப்படியொன்றும் பிரியம் கிடையாது.

அந்த மாதம் அவளுடைய கொழுந்தனின் செட் நான்கு முறை கசிந்தது. கணவனின் தம்பி, அவர்கள் வீட்டிலேயே இருப்பவன், அவள் சொல்லித்தான் வேலைக்கே சேர்ந்தவன். கம்பெனியில் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். தலை முங்கியதும் நின்று, ஒருவரை ஒருவர் சுற்றி வந்து குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் இருவரும் மேலே ஏறிவிட வேண்டும், அன்றைக்கு அந்த ஜோடிக்கு வேலை கிடையாது. நான்கு முறையும் கொழுந்தனின் இடுப்போரம் தொங்கும், காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கேஜிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. குழாயும் கேஜும் சேரும் இடத்தில் மிளகளவு ரப்பர் ரிங் ஒன்று உண்டு. நான்கு முறையும் அவள் புது ரிங் போட்டாள்.

நான்காவது முறைக்குப் பிறகு சூப்பர்வைசர் வந்தார். கத்தவில்லை. அவளுக்குக் கண் பார்வை நன்றாக இருக்கிறதா என்று மரியாதையாக விசாரித்தார். இன்னொரு தடவை கசிந்தால் செட்டுகளை வெளியே சர்வீஸுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். அப்புறம் ரிப்பேர் கொட்டகைக்கு மெக்கானிக் எதற்கு என்பதை அவர் சொல்லாமலே விட்டுவிட்டார். அந்த வேலை அவளுக்கு உயிர்.

பழைய உதிரி டப்பாவைக் கவிழ்த்து, கழற்றிப்போட்ட நான்கு ரிங்குகளையும் பொறுக்கி எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். தேய்ந்த ரிங் தட்டையாகிவிடும். இவை புதுசு போல உருண்டையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வெட்டு, நேராக. யாரோ கைவரிசையைக் காட்டுகிறார்கள். தனக்கு ஆகாதவர்களை விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது பேர் தேறினார்கள். கொழுந்தன் அந்தக் கணக்கில் இல்லை. வீட்டுப் பிள்ளையாயிற்றே.

மறுநாள் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, காயப்போட்டிருந்த டைவிங் உடைகளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்க அவசியமே இருக்கவில்லை. பத்தாவது நிமிடம் கொழுந்தன் வந்தான். தன் செட்டை எடுத்துக் காற்றை வடித்துவிட்டு, கேஜைக் கழற்றினான். உலோகத்தில் கீறல் விழக்கூடாது என்று மரக்குச்சியால் ரிங்கை நெம்பி எடுத்தான். நகவெட்டியால் அதில் ஒரு வெட்டுப் போட்டான். தொட்டும் தொடாமலும் கிரீஸ் தடவித் திரும்ப மாட்டினான். பதினொரு டைவர்களில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்பவன் எவனும் இல்லை என்பதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"அந்த ஸ்பேனர் பெருசு. நட்டு மழுங்கிடும்," என்றாள் வெளியே வந்து.

அவன் சரியான ஸ்பேனரை எடுத்து, முடுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"வேற எதையும் தொடல அண்ணி. இதுல கசிஞ்சா காத்து மெதுவாத்தான் போகும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு பெரிய கப்பலுக்கு அடியில் விளக்கு கைநழுவிப் போய்விட்டதாம். எந்தப் பக்கம் கை நீட்டினாலும் இரும்பு. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து தலை முங்கினாலே கைகால் விறைத்துப்போகிறது. மேலே வருவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"பயமா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? அண்ணன்கிட்டயா?"

அவனுடைய அண்ணன், அவள் கணவன்தான் அங்கே தலைமை டைவர். தினமும் சாப்பாட்டில் கை வைத்ததும், பயந்து ஓடியவர்களைப் பற்றித்தான் பேச்சை எடுப்பான். கோபமாக வந்தாள், இப்போது அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சூப்பர்வைசர் உள்ளே வந்தார். கசிவுக்குக் காரணம் தெரிந்ததா என்று கேட்டார். வேலையைக் காப்பாற்றும் பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் இவன் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் அவள் பிழைப்பு போகும். அவள் ஸ்ப்ரே பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"நான்தான் சார் வெட்டினேன்," என்றான் கொழுந்தன். "கீழ போக பயமா இருக்கு."

சூப்பர்வைசர் மேசையில் கிடந்த நகவெட்டியை எடுத்துப் பார்த்தார். இருபது வருடம் டைவராக இருந்தவர் அவர்.

"எந்த ரிங்?"

"கேஜ் ரிங் சார்."

"அவ்வளவு தூரம் எனக்குத் தோணல," என்றார். "அந்தக் காலத்துல நான் மாஸ்க் வாரை அறுப்பேன். பிளேடால."

நகவெட்டியை மேசையில் வைத்தார். இன்றிலிருந்து இவன் மேலே நின்று, இறங்குபவர்களுக்குக் கயிறு பிடிக்கட்டும், கசிவை ரிங் பழுது என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். உங்கள் வேலையில் குறையில்லையம்மா என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலை தப்பியது. அவள் உட்கார்ந்து அன்றைய ரிப்பேர்க் கூடையை இழுத்தாள். கொழுந்தன் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னது அவள் காதில் விழவில்லை. எட்டு வருடத்தில் எத்தனையோ மாஸ்க் வார்களை மாற்றியிருக்கிறாள். ரப்பர்தானே, அறுந்துதான் போகும் என்று பழையதைக் குப்பையில் போட்டுவிடுவாள். ஒன்றைக்கூட லென்ஸ் வைத்துப் பார்த்ததில்லை. அவற்றில் பாதிக்கு மேல் அவள் கணவனுடையவை.